பவுனுக்கு மூணாம் நாள் தண்ணி

தொப்பியும் பூட்சும் போட்ட ஒரு சர்க்கார் டாக்டர், ஒரு ஜட்கா குதிரையின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து உத்தரவு கேட்டார். குதிரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உத்தரவு கொடுத்தது. அவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு சர்க்கார் வேலையைப் பார்த்தார். நடந்தது 1936 பங்குனியில், மதுரை செல்லூரில்.

வைகைக்கரை யானைக்கல் படிக்கட்டில் உட்கார்ந்து இதை நான் நாலாயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன். குதிரை இடது காலைத் தூக்கி டாக்டரின் தலையில் வைத்து ஆசீர்வாதம் செய்தது என்பதை மட்டும் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் சேர்த்துக்கொள்வேன்; வெளியூர்க்காரர்களுக்கு அது வேண்டியிருக்கும். நம்பினவர் ஒருவருமில்லை. மற்றவர்கள் நம்பாமல் சிரித்துவிட்டுப் போவார்கள். சந்தானம் மட்டும் சிரிக்காமல் நம்பமாட்டார். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அன்றைக்கு டாக்டரோடு தொழுவத்துக்குள் போனவர் அவர்தான். “டாக்டரு சாணியில வழுக்கி விழுந்தாரு. அம்புட்டுதேன்” என்பார். பதின்மூன்று வருஷமாக அந்த ஒரே வாக்கியம்.

நான் அப்போது முனிசிபாலிட்டியில் வண்டி லைசென்ஸ் குமாஸ்தா. மதுரையில் எந்த ஜட்காவுக்கு எந்த நம்பர், எந்தக் குதிரைக்கு எந்தச் சுழி என்பது எனக்கு மனப்பாடம்.

அந்த வருஷம் சிம்மக்கல் ஸ்டாண்டில் நின்ற விருமாண்டியின் குதிரைக்கு மூக்கில் சளி வடிய ஆரம்பித்தது. பிறகு தொடையில் கட்டி கட்டியாக எழும்பி உடைந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஞானமுத்து பார்த்துவிட்டு, இது கிளாண்டர்ஸ், ஒரு குதிரைக்கு வந்தால் ஸ்டாண்டையே காலி பண்ணிவிடும், மனுஷனுக்கும் தொற்றும் என்றார். மருந்து கிடையாது. அன்று சாயங்காலமே வைகை மணலில் வைத்துச் சுட்டுக் குழி வெட்டிப் புதைத்தார்கள். விருமாண்டி கடிவாளத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தான். அதற்கப்புறம் அதே ஸ்டாண்டில் மற்றவர்களின் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றான்.

மீதி இருபத்து நாலு குதிரைகளையும் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மல்லீன் என்று ஒரு மருந்து. குதிரையின் கீழ் இமைத் தோலில் பொட்டுப்போல ஊசியில் ஏற்றுவார்கள். மறுநாள் ஒரு தரம், நாற்பத்தெட்டு மணி நேரம் ஆனதும் ஒரு தரம் கண்ணைப் பார்க்க வேண்டும். சீக்கு உள்ளே ஒளிந்திருந்தால் இமை நுங்கு மாதிரி வீங்கிச் சீழ் வைக்கும். வீங்கினால் வைகை மணல். பார்க்க விடாமல் ஒளித்தாலும் வைகை மணல்தான். சட்டம் இரண்டுக்கும் ஒரே வரியைத்தான் ஒதுக்கியிருந்தது.

டாக்டர் ஞானமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆறடி உயரம். வயிற்றுப்புண் காரணமாக ஆறு மாதமாய் மோர்ச்சோறு தவிர வேறெதுவும் தொடாமல், தந்திக் கம்பம் மாதிரி இருந்தார். பக்கத்தில் சந்தானம், சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் மீன் வாசனைகூட ஆகாது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்டாண்டில் ஊசி போட ஆரம்பித்தார்கள். நான் நம்பர் பார்த்து டிக் அடித்தேன். பதினெட்டாவது குதிரை முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இன்னும் ஆறுதானே என்று சந்தானத்திடம் பென்சிலைக் கொடுத்துவிட்டுச் சந்துக் கடைக்குப் போனேன். ஒரு தட்டு சோறு, ஒன்றரை ஆட்டின் குழம்பு. திரும்பி வந்தபோது இருபத்து நாலும் முடிந்திருந்தது. டாக்டர் கல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல வேய், குதிரைன்னா கடிக்கத்தான செய்யும்” என்றார்.

அந்தக் கடைசி ஆறில் ஒன்றுதான் பவுனு. நம்பர் நூற்றுப் பதினேழு. பேயாண்டியின் குதிரை.

பேயாண்டி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். செல்லூரில் ஓலைத் தட்டி அடைத்த ஒரு வீடு. வீட்டில் பாதி அவனுக்கும் பெண்சாதி ஒச்சாயிக்கும், மீதிப் பாதி பவுனுக்கு. பிள்ளை கிடையாது. பவுனு மட்டக்குதிரைதான், தேன் நிறம், நெற்றியில் காலணா அளவு வெள்ளை. சிம்மக்கல்லில் ஏறி உட்கார்ந்து மூக்குப்பொடியை எடுத்தால், பொடி மூக்குக்குள் போவதற்குள் ரயிலடி வந்துவிடும். தும்மலை ரயிலடியில் இறங்கித்தான் தும்ம வேண்டும்.

விடியுமுன் பேயாண்டி ஆற்றுக்குள் இறங்கி அறுகம்புல் அறுத்து வருவான். ஒச்சாயி ஒவ்வொரு பிடியாக மண் போக உதறிக் கழுவி வைப்பாள். கொள்ளு வேக வைப்பது, சாணி அள்ளுவது, வாலில் சிக்கெடுப்பது எல்லாம் அவள் வேலை. வண்டி ஓட்டுவது மட்டும் அவன். குதிரை யாருடையது என்று கேட்டால் பேயாண்டியே கொஞ்சம் தயங்குவான்.

ஊசி போட்டுக்கொண்டு பவுனு வீட்டுக்கு வந்ததும் ஒச்சாயி கேட்டாள். “என்னய்யா, கண்ணோரத்துல ரத்தப் பொட்டு?”

“டாக்டரு குத்துனாக. சோதிக்கிறாகளாம்.”

“எதுல குத்துனாக?”

“ஊசிலதேன்.”

அது அம்மைக் காலம். முனிசிபாலிட்டி ஆட்கள் தெருத் தெருவாகப் பிள்ளைகளுக்கு அம்மை குத்திக்கொண்டிருந்தார்கள். குத்தின மூன்றாம் நாள் பிள்ளைகளின் கையில் முத்துப்போல் ஒன்று கிளம்பும். வீட்டில் வேப்பிலை செருகித் தாளிப்பை நிறுத்துவார்கள்; ஒற்றைப்படை நாளில் தண்ணி ஊற்றி ஆத்தாவை அனுப்பிவைப்பார்கள். ஒச்சாயி அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுப்பில் கிடந்த தாளிப்புக் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். தட்டிவாசலில் வேப்பங்கொத்தைச் செருகினாள். தொழுவத்தில் வைக்கோலை வாரிவிட்டு ஒரு சாண் உயரத்துக்கு வேப்பிலை பரப்பினாள். மஞ்சளும் வேப்பங்கொழுந்தும் அரைத்து, பவுனின் இரண்டு கண்ணைச் சுற்றியும் கனமாக அப்பினாள். கொள்ளு சூடு என்று நிறுத்திவிட்டு, மோரும் பானகமும் இளநீரும் காட்டினாள். அந்த மூன்று நாளில் பவுனு குடித்த இளநீரின் மட்டைகளைக் குவித்துத்தான் பிற்பாடு செல்லூர்க் கரையை உயர்த்தினார்கள்.

புதன்கிழமை காலை நாங்கள் மூன்று பேரும் ஒவ்வொரு தொழுவமாகக் கண் பார்த்துக்கொண்டு வந்தோம். ஒரு குதிரைக்கும் வீக்கமில்லை. பேயாண்டி வீட்டு வாசலில் ஒச்சாயி குறுக்கே நின்றாள்.

“நில்லுங்கய்யா. படி மிதிக்காதீக.”

“என்ன தாயி, கண்ணப் பாக்கணும்லா” என்றார் டாக்டர்.

“பாக்கக் கூடாது. ஆத்தா எறங்கியிருக்கா.”

“எங்க?”

“நீங்கதான கொண்டாந்து விட்டீக. எங்கன்னு எங்கிட்டக் கேக்குறீக.”

டாக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “ஊசியில வந்தது ஆத்தா இல்ல தாயி. அது மருந்து. சீக்கு வருததுக்கு முந்தியே கண்டுபிடிக்கதுக்கு.”

“எங்கண்ணன் மகனுக்கும் மருந்துன்னு சொல்லித்தேன் கையில குத்துனாக. மூணாம் நாளு முத்துப் போட்டுச்சா இல்லையா? வந்தது ஆத்தாவா, உங்க மருந்தா?”

டாக்டர் சந்தானத்தைப் பார்த்தார். சந்தானம் என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

“சரி, கேளு” என்றார் டாக்டர். “கண்ணு வீங்கிச்சுன்னா சீக்கு இருக்குன்னு அர்த்தம்.”

“வீங்குச்சுன்னா ஆத்தா நல்லபடியா எறங்கியிருக்கான்னு அர்த்தம்.”

“வீங்கினா சுடணும் தாயி.”

“ஆத்தாவையா சுடுவீக?”

பேயாண்டி அவளுக்குப் பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டர் அவனிடம் பேசினார். “நீ சொல்லுப்பா. அந்த மஞ்சள வழிச்சு எடு. அது உறுத்தியே கண்ணு வீங்கிட்டா நான் என்னத்த எழுதுவேன்? நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு வாரேன். அப்பவும் பாக்க விடலைன்னா சட்டம் என்ன சொல்லுதோ அதத்தான் செய்யணும். துப்பாக்கியோடதான் வருவேன்.”

பேயாண்டி தூணை விட்டுவிட்டுத் தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் அவன் என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தான். ரிஜிஸ்டரில் நூற்றுப் பதினேழை மட்டும் அழித்துவிட முடியுமா என்று கேட்டான். முடியாது என்றேன். ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரையை ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டால்? செக்கானூரணி தாண்டுவதற்குள் பிடித்துவிடுவார்கள் என்றேன்.

“அண்ணே, ஒண்ணு சொன்னா வெளிய விட மாட்டீகளே?”

“சொல்லு.”

“ஞாயித்துக்கெழம அதுக்கு மூக்குல தண்ணி வந்துச்சு. துண்ட வச்சுத் தொடச்சுக்கிட்டே இருந்தேன். டாக்டரு வாரதுக்குள்ள நின்னுபோச்சு.” துண்டை முறுக்கிக்கொண்டே சொன்னான். “அவ மஞ்சளப் போட்டு மூடுனது நல்லதுன்னு நெனச்சுட்டேன். மூடியிருக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்லண்ணே.”

“விருமாண்டி குதிரைக்கும் மூக்குலதான் ஆரம்பிச்சது.”

“அதேன் சொல்றேன்.”

நான் அவனுடன் செல்லூர் வரைக்கும் நடந்தேன். எங்களுக்கு முன்பே விருமாண்டி அங்கே வந்து, வேப்பங்கொத்துக்கு வெளியே தெருவில் குந்தியிருந்தான். ஒச்சாயி உள்ளே நின்றாள்.

“ஒச்சாயி, எங்குதிரைக்கு ஆத்தாவும் வரல, ஒருத்தரும் தண்ணியும் ஊத்தல” என்றான் அவன். “குண்டுதேன் வந்துச்சு. நாளைக்கு ரெண்டு மணிக்கு உனக்கும் வரும். நீ அஞ்சாம் நாளு, ஏழாம் நாளுன்னு எண்ணிக்கிட்டு இரு.”

“மூணாம் நாளு தண்ணி ஊத்துறதும் உண்டுதான” என்றான் பேயாண்டி மெதுவாக. “நாளைக்கு மூணாம் நாளு.”

ஒச்சாயி விரலை மடக்கிப் பார்த்தாள். செவ்வாய், புதன், வியாழன். தண்ணி ஊற்றினால் அப்பின மஞ்சள் தானாகக் கரைந்துவிடும். கையால் வழிக்க வேண்டியதில்லை. ஆத்தாவுக்கும் குறையில்லை, டாக்டருக்கும் கண் தெரியும். தொழுவத்தில் பவுனு வேப்பிலையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தது.

“ஊத்தலாம்” என்றாள் கடைசியில். “ஆனா எறக்கிவிட்டவக வந்து உத்தரவு கேக்கணும். நானா ஊத்துனா ஆத்தா கோவிச்சுக்கிட்டு, கண்ணு ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போயிருவா.”

விருமாண்டி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். “டாக்டரு உத்தரவு கேக்கப் போறாரு. அப்பறம் கலெக்டரு வந்து குலவை போடுவாரு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போனோம். மற்ற இருபத்து மூன்று குதிரைகளையும் பார்த்து முடித்தாகிவிட்டது, ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. தோல் உறையிலிருந்த துப்பாக்கியைச் சந்தானம் சுமந்துகொண்டு வந்தார். தெருவே வாசல் எதிரில் கூடியிருந்தது. செல்லூர் ஜனத்தொகையைவிட நூறு பேர் அதிகம் இருந்தார்கள்.

வாசலில் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர். ஒச்சாயி முழுகி ஈரத்தலையோடு நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் முழுவதும் கேட்டார். நான் அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“கேக்கலைன்னா?” என்றார்.

“என்னையச் சுட்டுட்டு உள்ள போங்க.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “சந்தானம், நாப்பத்தெட்டு மணி எப்ப முடியுது?”

“முடிஞ்சிருச்சு சார். இனிமே லேட் பண்ணா, வீங்கினதுகூட வத்திப்போகும்.”

டாக்டர் வாசற்கல்லில் உட்கார்ந்து பூட்சின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவர் பாதம் இரண்டும் வெயிலே படாமல் முள்ளங்கி மாதிரி வெளுத்திருந்தன. ஒச்சாயி மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள்.

“மூணு நாளைக்குள்ள கவிச்சி தின்னீகளா?”

“ஆறு மாசமா மோர்ச்சோறுதான் தாயி.”

“கம்பவுண்டரய்யா?”

“எங்க வீட்டுல கெடையாதும்மா.”

“குமாஸ்தா அண்ணே?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்வது எனக்குக் கஷ்டமுமில்லை. ஆனால் சந்துக் கடைக்காரன் கூட்டத்தில் முன் வரிசையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “செவ்வாக்கெழம, கொஞ்சம்” என்றேன்.

“அப்ப நீங்க வெளிய நில்லுங்க. அந்தத் தோலையும் வெளிய வைங்க.”

சந்தானம் துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். பேயாண்டி முன்னமே உள்ளே பவுனைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒச்சாயி தட்டிக் கதவைச் சாத்தினாள்.

வாசற்கல்லில் உட்கார்ந்தேன். மடியில் இருந்த சாமான் கனத்தது. தட்டியில் கீழே ஓர் ஓலை பிய்ந்து ஒரு சாண் இடுக்கு. குனிந்து பார்த்தேன். முதலில் வேப்பிலை தெரிந்தது, பிறகு பவுனின் முன்னங்கால் குளம்பு. அப்புறம் அந்த இடுக்கில் இரண்டு உள்ளங்கால்கள் வந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. மஞ்சள் பூசினவை. அசையவில்லை.

உள்ளே ஏதோ மெல்லப் பேச்சு. என்னவென்று கேட்கவில்லை. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் ஒரு ஆள் மதுரையிலிருந்து அழகர்கோவிலுக்கு நடந்துபோய், கும்பிட்டு, சம்பாத் தோசை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கலாம். அப்புறம் பவுனு மூக்கைப் புர்ரென்று விட்டது. ஒச்சாயி குலவையிட்டாள். தண்ணீர் தளும்பித் தட்டிக்கடியில் மஞ்சளாக ஓடி வந்து என் வேட்டியை நனைத்தது.

அதன் பிறகுதான் மோசமான நேரம். குலவை நின்றுவிட்டது. டாக்டர் கண்ணைப் பார்க்கிறார் என்று தெருவுக்கே தெரிந்தது. விருமாண்டி கூட்டத்திலிருந்து விலகி, சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நான் துப்பாக்கி உறையின் வாரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன்.

கதவு திறந்தது. டாக்டரின் சட்டை முன்பக்கம் முழுவதும் ஈரம். நெற்றியில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது.

“எழுதும் வேய்” என்றார். “நூத்திப் பதினேழு. ரெண்டு கண்ணும் ஒண்ணு போல இருக்கு. சூடு இல்ல, வீக்கம் இல்ல. விரல வச்சு அமுக்கினேன், அசையல.”

“மூக்குல தண்ணி வந்துச்சேய்யா” என்றான் பேயாண்டி பின்னாலிருந்து. நாலு நாளாக அடக்கி வைத்திருந்தது, எல்லாம் முடிந்த பிறகு தானாக வெளியே வந்துவிட்டது.

டாக்டர் திரும்பினார். “எப்பம்?”

“ஞாயித்துக்கெழம.”

“புல்லு எங்க அறுத்த?”

“ஆத்துக்குள்ள. கோரைப் பக்கம்.”

“கோரைப்பூ தூசி. தும்மியிருக்கும். இனி உதறிப் போடு.”

“கழுவித்தேன் போடுறேன்” என்றாள் ஒச்சாயி, அவர் ஏதோ குற்றம் சொன்னதுபோல.

அன்று சாயங்காலமே அவள் கடுகு தாளித்தாள். தெருவில் எல்லோருக்கும் வாசனை வந்தது. பவுனு அப்புறம் ஒன்பது வருஷம் ஓடியது.

மறுவாரம் நான் யானைக்கல்லில் கதையை ஆரம்பித்தேன். கூட்டம் சந்தானத்தைத்தான் பார்த்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “டாக்டரு சாணியில வழுக்கி விழுந்தாரு. அம்புட்டுதேன்” என்றார். டாக்டரிடமே கேட்கலாமென்று போனேன். அவர் பாளையங்கோட்டைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். பேயாண்டியைக் கேட்டால் சிரிப்பான். ஒச்சாயியைக் கேட்டால், “தொழுவத்துல நடந்தத தெருவுல சொல்லக் கூடாது” என்பாள்.

போன மாசம், 1949 ஐப்பசியில், சந்தானத்துக்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கார்டு வந்தது. டாக்டர் ஞானமுத்து காலமாகிவிட்டார். சந்தானம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யானைக்கல்லுக்கு வந்தார். மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஆற்றில் செந்தண்ணீர் ஓடியது. நான் ஒரு மேலூர்க்காரனுக்குக் கதை சொல்லி, குதிரை காலைத் தூக்கும் இடத்துக்கு வந்திருந்தேன். சந்தானம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். மேலூர்க்காரன் சிரித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனான்.

“கால எல்லாம் தூக்கல” என்றார் சந்தானம்.

“சரி. வழுக்கித்தான் விழுந்தாரு.”

“வழுக்கல.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செவ்வாக்கெழம நீங்க சாப்புடப் போனீகளே. பத்தொம்பதாவது குதிர அவரு கட்டவெரலக் கடிச்சிருச்சு. ஊசி பிடிக்க முடியல. மிச்சம் ஆறுக்கும் நாந்தான் போட்டேன். கம்பவுண்டரு ஊசி போடக் கூடாது. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரு வேலையும் போயிரும். நான் உசுரோட இருக்கிற வரைக்கும் வாயத் தொறக்காதன்னாரு. இப்ப அவரு இல்ல.”

“அதுக்கும் விழுந்ததுக்கும் என்ன?”

“அவரு விழுந்தாருண்ணே. நெடுஞ்சாண்கிடையா. உத்தரவு குடு தாயின்னு கேட்டாரு. பவுனு செலையாட்டம் நிக்குது. ஒச்சாயி பேயாண்டியப் பாத்து, ‘குத்துனது எந்தக் கை’ன்னா. அவன் என்னையப் பாத்தான். டாக்டரு தலையத் தூக்கல. மண்ணுல மொகத்த வச்சுக்கிட்டே, ‘சந்தானம், நீயும் விழுந்துரு’ன்னாரு.”

மழை மறுபடி பிடித்தது. இரண்டு பேரும் நகரவில்லை.

“அப்பறந்தான் அது மூக்கப் புர்ருன்னு விட்டுச்சு” என்றார் சந்தானம். “தட்டி இடுக்குல எத்தன பாதம் தெரிஞ்சுச்சு உங்களுக்கு?”

“ரெண்டு.”

“இடுக்கு இன்னும் ஒரு சாண் அகலமா இருந்திருந்தா, நாலு தெரிஞ்சிருக்கும்.”